சுஐபு பாயின் பன்னிரண்டாயிரம்

கூத்தையா செருப்பை விட்டது காசில்லாமல் இல்லை, ரோஷத்தில். மகள் முத்தழகு கல்யாணத்துக்காக இரண்டு குறுக்கம் கரிசல் நிலத்தையும் இருளாண்டியிடம் ஒத்திக்கு எழுதிக் கொடுத்தார். அன்றைக்குப் பத்திர ஆபீஸ் வாசலிலேயே செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தார். "கடன்பட்ட காலுக்குச் செருப்பு ஒரு கேடா? கடைசிக் கடன் தீரட்டும், அப்பப் பாத்துக்கிடலாம்" என்று பெண்டாட்டி பூமயிலிடம் சொன்னார். சாயல்குடிப் பக்கத்தில் இப்படிச் சபதம் போடுகிறவர்கள் உண்டு. ஒருத்தர் மீசையை எடுப்பார், ஒருத்தர் வெற்றிலையை விடுவார். கருவேல முள்ளுக்குள் கிடந்து பிழைக்கிற மனுஷன் செருப்பை விடுவதென்றால் அது கிறுக்குத்தான். பூமயில் ஊசியும் கையுமாக உட்கார்ந்து அவர் காலில் முள் எடுத்தாள். எடுக்கும்போதெல்லாம் ஏசவும் செய்தாள்.

ஒத்தியில் வட்டி என்ற பேச்சே கிடையாது. பணம் கொடுத்தவர், பணம் திரும்புகிறவரை நிலத்தை வைத்து அனுபவித்துக்கொள்வார். கேட்க நல்லாத்தான் இருக்கும். வானம் பார்த்த பூமியில் இருளாண்டி ஏர் பூட்டுவாரா? கருவேலத்தை வளரவிட்டார். மரம் பருத்ததும் வெட்டி அடுக்கி, மேலே தழையும் ஈரமண்ணும் பூசித் தீ வைத்து, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றார். வெட்டுவதற்கு ஆள் வேண்டுமே. "நீயே வாயேன் மாப்ளே, உனக்குத் தெரியாத மரமா?" என்று கூத்தையாவைக் கூப்பிட்டார். வேறு வேலை இல்லாத காலம். கூத்தையா போனார். தன் நிலத்து மரத்தைத் தானே கூலிக்கு வெட்டினார்.

அந்தக் கரியை எடை போட ஏர்வாடியிலிருந்து வந்தவர்தான் சுஐபு பாய். தர்காவுக்குப் போகிற வழியில், கரியை வாங்கி அடுக்கி விற்கிற கிட்டங்கி வைத்திருந்தார். கூத்தையாவுக்குப் பத்து வயது மூத்தவர். வெள்ளைத் தாடி, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கரி ஏவாரத்துக்கு இப்படி ஓர் உடுப்பா என்று எல்லாரும் கேலி பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

"ஏலே, இது யாரு நிலம்?" என்று கேட்டார், தராசைப் பிடித்துக்கொண்டே.

"நம்ம நிலந்தாண்ணே."

"யாருக்குக் கூலிக்கு வெட்டுறே?"

"இருளாண்டி மாமாவுக்கு. ஒத்தியில கெடக்கு."

சுஐபு பாய் தராசைக் கீழே வைத்துவிட்டார். கரி மூடை மேலேயே உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி கரியாவதைப் பார்க்கவில்லை. "உம் மரத்த வெட்ட உனக்கே கூலியா? அல்லாவே!" என்றார்.

அடுத்த வாரம் பேப்பரில் சுற்றிப் பதினைந்தாயிரம் ரூபாயைக் கொண்டுவந்து கூத்தையா கையில் வைத்தார். தொண்ணூற்றி இரண்டாம் வருஷத்தில் பதினைந்தாயிரம் என்பது சும்மா இல்லை.

"போயி ஒத்தியத் திருப்பு. கரியப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக் கழிச்சுக்கிடலாம். வட்டி எங்களுக்கு ஹராம், உனக்கு விஷம்."

"ஒரு நோட்டு எழுதிக்கிடுவோம்ணே."

"உனக்கும் எனக்கும் நடுவுல நோட்டா? மேல ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கான்ல, அவன் போதும். ஆனா ஒண்ணு கூத்தையா, நான் குடுத்தேன்னு வெளிய மூச்சு விட்டுறாத. நாளைக்கே நாப்பது பேரு வாசல்ல வந்து நிப்பான். இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வராது."

கூத்தையா மூச்சு விடவில்லை. பூமயிலிடம்கூட, பாய் கரிக்குக் கொஞ்சம் முன்பணம் கொடுத்தார் என்று மட்டும் சொன்னார். நிலம் கைக்கு வந்தது. முதல் மூட்டத்திலேயே மூவாயிரம் கழிந்தது. அதற்கப்புறம் ஒன்று மாற்றி ஒன்றாகச் செலவு வந்தது. முத்தழகுக்குப் பேறுகாலம், பூமயிலுக்கு வயிற்றில் கட்டி, மதுரையில் ஆபரேஷன். சொசைட்டியில் வாங்கியிருந்த பயிர்க்கடன் வேறு வட்டியோடு வளர்ந்து ஒன்பதாயிரத்தில் வந்து நின்றது. சொசைட்டி நோட்டீஸ் அனுப்பியது. ஜீப்பில் ஆள் அனுப்பியது. சுஐபு பாயோ ஒரு நாளும் கேட்கவில்லை. பூமயில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஆட்டுக்கால் வாங்கிக் கொடுத்துவிட்டாரே தவிர, பணம் என்று வாய் திறக்கவில்லை. கேட்காத கடனும் பார்க்காத பயிரும் பாழ் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

தொண்ணூற்றி நாலில் மழை நின்று பெய்தது. கூத்தையாவின் கரிசலில் குண்டு மிளகாய் காய்த்துக் கொட்டியது. விலையும் நல்ல விலை. கமிஷன் கடைக்குப் போட்டுவிட்டுச் செலவு போகக் கணக்குப் பார்த்தால் கையில் பன்னிரண்டாயிரம் நின்றது. சொசைட்டிக்கா, பாய்க்கா என்ற யோசனையே அவருக்கு வரவில்லை. பாய்க்குத்தான். இதை அவருக்காகச் சொல்லத்தான் வேண்டும். பணத்தைத் துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு, விடிந்ததும் ஏர்வாடி பஸ் ஏறினார். அண்ணன் முகத்தை எப்படிப் பார்ப்பது, என்ன சொல்லிக் கொடுப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடைக்காரர் சொன்னார். "சுஐபு பாய் மவுத்தாயிட்டாருல்ல. ராத்திரி நெஞ்சு வலின்னாராம். இப்பத் தூக்கப்போறாக."

கூத்தையா ஓடினார். வீட்டு வாசலில் கூட்டம். சந்தூக்குப் பெட்டியில் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார் சுஐபு பாய். சாகும்போதும் வெள்ளைதான் என்று நினைத்தார் கூத்தையா. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அது உண்மையான அழுகை. பிற்பாடு அவர் தன்னைத்தானே எவ்வளவோ ஏசிக்கொண்டாலும் அந்த அழுகையை மட்டும் ஏசியதில்லை.

தூக்குவதற்கு முன்னால், பாயின் மகன் இபுராம்சா கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றான். அவர்களில் இது வழக்கம். கடனோடு மண்ணுக்குள் போகக் கூடாது என்று, வாரிசு எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிடுவார்கள்.

"எங்க வாப்பா யாருக்காச்சும் கடன் தர வேண்டியிருந்தா எங்கிட்ட வந்து கேளுங்க. இனி அது என் கடன். வாப்பாவுக்கு யாராச்சும் தர வேண்டியிருந்தாலும் சொல்லுங்க. குடுக்க ஏலாதவுக இருந்தா, வாப்பாவுக்காக நாங்க பொருந்திக்கிட்டோம்."

பொருந்திக்கொண்டோம் என்றால் மன்னித்துவிட்டோம் என்பது கூத்தையாவுக்குத் தெரியும். கை தானாக இடுப்புக்குப் போனது. முடிச்சு விரலில் தட்டுப்பட்டது. வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. இத்தனை பேருக்கு நடுவில், மையத்தாகக் கிடக்கிற அண்ணனை முன்னால் வைத்துக்கொண்டு, வேட்டியை அவிழ்த்துப் பணம் எடுப்பதா என்று ஒரு கூச்சம் வந்தது. வெளியே சொல்லாதே என்று அண்ணன்தானே சொன்னார் என்று ஒரு நியாயம் வந்தது. அப்புறமாகத் தனியாக வந்து மகனிடம் கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சமாதானமும் வந்தது. மூன்றும் வரிசையில் நின்று முடிப்பதற்குள் சந்தூக்கைத் தூக்கிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். 'குடுக்க ஏலாதவுக' என்ற சொல் காதுக்குள்ளேயே நின்றது. நான் யார்? ஏலாதவன்தானே? சொசைட்டி ஜப்தி பண்ணினால் நாளைக்கு நடுத்தெருவில் நிற்கிறவன்தானே? பொருந்திக்கொண்டோம் என்று ஊர் கூடிய இடத்தில் சொல்லியாகிவிட்டதே! சாயல்குடி வந்து சேர்வதற்குள் கூத்தையா ஏலாதவர் ஆகிவிட்டார். இடுப்பில் பன்னிரண்டாயிரம் இருந்தது.

மறுநாள் சொசைட்டியில் ஒன்பதாயிரத்தையும் கட்டி ரசீது வாங்கினார். பூமயில் ரசீதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இதோட முடிஞ்சதா? வேற யாருக்கும் இல்லையே?"

"முடிஞ்சது" என்றார் கூத்தையா.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. பூமயில் அழுதாள். கருப்பன் கோயிலில் பொங்கல் வைத்தாள். மிச்சப் பணத்தில் வீட்டுக் கூரைக்கு ஓலை மாற்றினார்கள். சந்தைக்குப் போய்க் கூத்தையாவுக்குத் தோல் செருப்பு வாங்கிக்கொண்டு வந்து, தன் கையாலேயே அவர் காலுக்கு முன்னால் வைத்தாள். காய்த்துப்போன காலில் புதுச் செருப்பு கடித்தது. "பழகப் பழகச் சரியாப் போகும்" என்றாள் பூமயில்.

கடனில்லாத கஞ்சி கால் வயிறு என்பார்கள். கூத்தையாவுக்கு அந்தக் கால் வயிறும் செரிக்கவில்லை. ஊரோ அவரைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டது. அந்தப் பக்கத்தில் கடன் இல்லாத குடியானவன் என்றால் குதிரைக்குக் கொம்பு முளைத்த மாதிரி. பெண்கள் சங்கத்தில் பூமயில்தான் தலைவி. சங்கத்தைப் பார்க்க ராமநாதபுரத்திலிருந்து வந்த மேடம், கடனிலிருந்து மீண்டவர் நாலு வார்த்தை சொல்லட்டும் என்று கூத்தையாவைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லிவிட்டார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போய் நின்றார். செலவைச் சுருக்கணும், வட்டிக்கு வாங்கப்படாது, திருவிழாவுக்குக் கடன் வாங்கிக் கெடா வெட்டப்படாது என்று என்னென்னவோ சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். முருகம்மாள் என்ற பெண் எழுந்து, "ஒத்தியத் திருப்புனீகளே, அந்த மொதப் பணம் எங்கன கெடச்சுச்சு? எங்களுக்கும் வழி சொல்லுங்க" என்று கேட்டாள். அவளுடைய நிலமும் ஒத்தியில் கிடந்தது.

"கரி வித்துத்தான்" என்றார் கூத்தையா. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அன்றைக்குச் சங்கத்துப் பெண்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் புருஷன்மாரிடம், "கூத்தையாவப் பாருங்க" என்று சொன்னார்கள். புருஷன்மாருக்கு அவர் மேல் இருந்த கடுப்பைச் சொல்லி முடியாது.

ஆறேழு மாதம் அவர் ஏர்வாடிப் பக்கமே தலை காட்டவில்லை. கரியைக் கமுதிக்காரனுக்கு, குறைந்த விலைக்கே போட்டார். கடைசியில் பூமயில்தான், "பாய் இல்லேன்னா என்ன, மகன் இருக்காருல்ல? கூடுதலாக் குடுப்பாரு, போய்க் கேட்டுட்டு வாங்க" என்று விரட்டிவிட்டாள்.

போனால், கிட்டங்கியில் வேறு பெயர்ப் பலகை தொங்கியது. பழைய டீக்கடையில் விசாரித்தார்.

"அத வித்தாச்சுல்ல. பெரியவரு வச்சுட்டுப் போன கடனுக்கு." டீக்கடைக்காரர் குரலைத் தணித்துக்கொண்டார். "லாட்டரிச் சீட்டுப் பழக்கமாம். வெள்ளையுஞ் சொள்ளையுமா இருந்தாரு. யாரக் கண்டோம்? ஊர் வாய மூட உலைமூடி இருக்கா?"

கூத்தையா டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். பாய் வீட்டுக்குப் போனார். இபுராம்சா யாத்திரீகர்கள் தங்குகிற ஒரு லாட்ஜில் கணக்கெழுதப் போகிறானாம், அப்போதுதான் புறப்பட்டுக்கொண்டிருந்தான். "வாங்க சாச்சா" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தான். கேட்காமலே சொன்னான், சொல்ல ஆள் கிடைக்காதவன் மாதிரி சொன்னான்.

"மூணாம் நாளு கீழக்கரையிலருந்து ஒரு மொதலாளி வந்தாரு சாச்சா. ரெண்டு வருசத்துக்கு முந்தி வாப்பா அவருகிட்டப் பதினஞ்சாயிரம் கைமாத்து வாங்கியிருக்காக. மூணு திருப்பிக் குடுத்துருக்காக. பாக்கி பன்னெண்டு. கூட்டத்துல கேட்டவன் நாந்தானே, குடுக்காம முடியுமா? கிட்டங்கியக் குடுத்துத்தான் அடைச்சேன். அது போகட்டும். அந்தப் பணம் எங்க போச்சுன்னுதான் தெரியல. வீட்டுக்கு ஒத்தக் காசு வரல. ஏவாரத்துலயும் இல்ல. சட்டைப் பையில ஒரு லாட்டரிச் சீட்டு கெடந்துச்சு. அதப் பாத்துட்டு உம்மா ஒரே முடிவா முடிவு கட்டிட்டாக. ஊரும் அதையேதான் சொல்லுது."

பதினைந்து. மூன்று. பாக்கி பன்னிரண்டு. கூத்தையாவுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அண்ணன் கையில் பணம் இருந்து கொடுக்கவில்லை. தான் கடன் பட்டுக் கொடுத்திருக்கிறார். நான் கொடுத்த மூவாயிரத்தைத் தொடாமல் அப்படியே அங்கே கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார். என் கடன் எங்கும் போய்விடவில்லை. என் தலையிலிருந்து இந்தப் பிள்ளை தலையில் இறங்கி, கிட்டங்கியைத் தின்றுவிட்டு, அண்ணன் பெயரையும் தின்றுகொண்டிருக்கிறது. இப்போதாவது சொல் என்றது நெஞ்சு. கூத்தையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாப்பா ஒங்களப் பத்தி அடிக்கடி சொல்லுவாக" என்றான் இபுராம்சா. "கூத்தையா மாதிரி யோக்கியன் சாயல்குடிப் பக்கமே இல்லேம்பாக. வாப்பா பேருல ஓதுற வருச ஃபாத்திஹாவுக்கு நீங்க கண்டிப்பா வரணும் சாச்சா."

அன்றைக்குக் கூத்தையா செய்த காரியத்தை எங்கே போய்ச் சொல்வது! நேரே தர்காவுக்குப் போய், கையில் இருந்த ஐநூறு ரூபாயை உண்டியலில் போட்டார். அவர்கள் சாமியிடமே கொடுத்தாகிவிட்டது என்று கும்பிட்டுக்கொண்டார். பட்ட இடம் ஒன்று, கட்டிய இடம் ஒன்று. அந்த ஐநூறு ரூபாயால் சுஐபு பாயின் வீட்டு அடுப்பில் ஒரு பிடி அரிசி வெந்ததா? வீடு வந்து சேர்வதற்குள் அவருக்கே அது விளங்கிவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்குக் குறுகுறுக்கவில்லை, அரித்தது. சோறு உண்ணும்போது அரித்தது. யாராவது "ஒங்களுக்கென்ன, கடனா கப்பியா" என்று சொல்லும்போது மிகவும் அரித்தது. செருப்பு ஒரு வருஷமாகியும் பழகவில்லை. குதிகாலில் புண் ஆறுவதும் கடிப்பதுமாக இருந்தது.

வருஷ ஃபாத்திஹாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கூத்தையா இருளாண்டி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அடடா, கடனே இல்லாத மகராசன் நம்ம வாசல்லயா?" என்றார் இருளாண்டி. பல் குத்திக்கொண்டிருந்தவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். அவ்வளவு சந்தோஷம்.

"பன்னெண்டாயிரம் வேணும் மாமா. நோட்டு எழுதிக்கிடுங்க."

"வட்டிக்கு வாங்கப்படாதுன்னு பள்ளிக்கூடத்துல பேசுனியாம்ல?"

"பேசுனேன்."

"மூணு வட்டி. தெரிஞ்சுதான கேக்குறே?"

"தெரியும்."

இருளாண்டி அதற்கு மேல் குத்திப் பார்க்கவில்லை. கடன்காரன் தலை குனிந்து நின்றால் குத்தலாம். கூத்தையா நிமிர்ந்து நின்றார். கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

அடுப்படியில் இருந்த பூமயில் பார்த்துவிட்டாள். "என்ன, செருப்பு அறுந்துபோச்சா?"

"இல்ல. கடன் வாங்கியிருக்கேன்."

எல்லாவற்றையும் சொன்னார். இடுப்பு முடிச்சையும் சொன்னார், பஸ்ஸில் ஏலாதவர் ஆனதையும் சொன்னார். பூமயில் உலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மையத்த வச்சுக்கிட்டா கேட்டாக?"

"ஆமா."

"அப்பவும் வாயத் தெறக்கல?"

"தெறக்கல."

"கருப்பனுக்குப் பொங்கல் வச்சேனே, அது எந்தக் காசு?"

"அந்தக் காசுதான்."

பூமயில் அகப்பையைக் கீழே போட்டாள். "அடப் பாவி மனுசா. எனக்கு ஆட்டுக்கால் குடுத்துவிட்டவரய்யா அவரு. அந்த ஆட்டுக்கால் சாறு இன்னும் எங் குடல்ல கெடக்கு. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறச்சு, எங் கையாலயே பரிமாற வச்சுட்டீகளே." அழுதாள், ஏசினாள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கூத்தையா, பணத்தை மகனிடம் தனியாகக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று முனகினார். பூமயில் விடவில்லை. "தனியாக் குடுத்தாப் பணந்தான் போகும். அவரு பேரு திரும்புமா? கூட்டத்துல மூடுன வாயக் கூட்டத்துலதான் தெறக்கணும்."

ஃபாத்திஹா அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். ஹஜ்ரத் ஓதி முடித்து, எல்லாரும் கையேந்தி இறைவனிடம் துவாக் கேட்டு முகத்தில் கையைத் தடவிக்கொண்டார்கள். நெய்ச்சோறு மணத்தது. நாலு பேர் சேர்ந்து உண்கிற சஹன் தட்டுகளைக் கொண்டுவந்து வைக்கும் நேரத்தில் கூத்தையா எழுந்தார்.

"தம்பி" என்றார் இபுராம்சாவைப் பார்த்து. "அன்னைக்கு வாப்பாவத் தூக்குறதுக்கு முந்தி ஒண்ணு கேட்டீகள்ல. அத இன்னொரு தடவ கேளுங்க."

இபுராம்சாவுக்கு விளங்கவில்லை. "உள்ள வாங்க சாச்சா, என்னன்னு உக்காந்து பேசுவோம்" என்று கையைப் பிடித்தான்.

"இல்லப்பா. இங்கனயே, எல்லாருக்கும் கேக்குற மாதிரி கேளுங்க."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. டீக்கடைக்காரரும் இருந்தார். இபுராம்சா தயங்கித் தயங்கி, போன வருஷம் கேட்ட அதே வார்த்தைகளைக் கேட்டான். "வாப்பாவுக்கு யாராச்சும் தர வேண்டியிருந்தா சொல்லுங்க."

"நான் தரணும்" என்றார் கூத்தையா. "பதினஞ்சாயிரம் வாங்குனேன். என் நிலத்தத் திருப்ப அண்ணன் குடுத்தாரு. மூணு குடுத்துட்டேன். பன்னெண்டு பாக்கி. அன்னைக்கு இதே எடத்துல நின்னேன். பணம் என் இடுப்புல இருந்துச்சு. நான் பேசல." துண்டு முடிச்சை அவிழ்த்து விரிப்பின் மேல் வைத்தார். "அந்தப் பணத்துல அண்ணன் லாட்டரிச் சீட்டுக்கு ஒரு பைசா அழிக்கல. கீழக்கரையில கடன் வாங்கி எனக்குத்தான் குடுத்துருக்காரு. வெளிய சொல்லாதன்னு சொன்னாரு. அத நான் எனக்குத் தோதா வச்சுக்கிட்டேன்."

இபுராம்சா பணத்தைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது, அது கோபமா வேறென்னவா என்று கூத்தையாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் அவன் பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "பொருந்திக்கிட்டோம் சாச்சா" என்றான். அந்தப் பிள்ளை அப்படித்தான் சொல்லும். அவன் வாப்பாவுக்கும் இல்லை என்று சொல்ல வாய் வந்ததில்லை.

உள்கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. சுஐபு பாயின் மனைவி செய்யதம்மாள்.

"கூத்தையாத் தம்பி."

"மதினி."

"அவுக மையத்தத் தூக்கும்போது, கல்யாணத்துல அவுக எனக்குத் தர்றதாச் சொன்ன மஹரப் பொருந்திக்கிட்டேன்னு சொல்லுன்னாக. சொன்னேன். மூணாம் நாளு அந்தக் கடன் பேச்சு வந்துச்சு. சட்டைப் பையில சீட்டு கெடந்துச்சு. சொன்னத மனசுக்குள்ள திருப்பி எடுத்துக்கிட்டேன். முப்பது வருசம் ஏமாத்திட்டாகளேன்னு நெனச்சேன். அன்னையிலருந்து இன்னைக்கு இந்த ஓதுறது வரைக்கும் அவுகளுக்குன்னு நான் ஒரு துவாக் கேக்கல." குரல் உடைந்தது. "எம் மகன் அவன் பங்கப் பொருந்திக்கிட்டான். நான் கேக்காத துவாவுக்கு நீங்க என்ன தருவீக?"

கூத்தையா கதவைப் பார்த்துக் கைகூப்பினார். "தெரியல மதினி" என்றார். சாப்பிடச் சொன்னார்கள், உட்கார்ந்தார். இபுராம்சாவும் அதே சஹனில் எதிரே வந்து உட்கார்ந்தான். சோற்றை அள்ளி வாயில் வைத்தார்.

டீக்கடைக்காரர் அன்றைக்குச் சாயங்காலமே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கெட்ட பெயரைப் பரப்பிய வாய்தான் நல்ல பெயரையும் பரப்பியது; அவரைக் குறை சொல்ல முடியாது. சாயல்குடிப் பக்கத்தில் கூத்தையாவின் பெயர் எப்படி ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் சங்கத்தில் பூமயில் தானே எழுந்து, இனி வேறு ஆளைத் தலைவியாக வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இருளாண்டியின் கடனை அடைக்க மூன்று மூட்டம் போட வேண்டியிருந்தது. கரி பூராவும் போயிற்று, ஒரு வருஷ மிளகாயும் போயிற்று. நோட்டை அவர் கண்முன்னாலேயே கிழித்துப் போட்டார் இருளாண்டி. கூத்தையா வீட்டுக்கு வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். பூமயில் பரணில் கிடந்த செருப்பை எடுத்து, தூசி தட்டி, எண்ணெய் தடவி, அவர் காலுக்கு முன்னால் வைத்தாள்.

"இனியாவது போடுங்க. முடிஞ்சதுல்ல?"

கூத்தையா செருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு காலால் மெல்ல நகர்த்திக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"மதினிக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார்.

எவ்வளவு என்று பூமயில் கேட்கவில்லை. ஊசியை எடுத்துக்கொண்டு வந்து, அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.